மணி அடிக்கும்போது யோசிக்க முடியாது

குளிர்காலத்தில் மலை விடுதியொன்றில் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்றால், மறுநாள் செய்தித்தாளில் இரண்டு தொடர்களில் ஒன்று கட்டாயம் இருக்கும்: 'விஷவாயு தாக்கி' அல்லது 'மூச்சுத்திணறி'. இரண்டும் நடந்ததை நடந்தபடி சொல்வதில்லை. தாக்கப்படுகிறவருக்குத் தாக்குதல் தெரியும். மூச்சுத் திணறினால் ஆழ்ந்து தூங்குகிறவரும் புரள்வார், விழிப்பார், சன்னல் பக்கமாவது கையை நீட்டுவார். கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்களோ பல நேரம் படுத்த இடத்திலேயே, படுத்தபடியே கிடக்கிறார்கள். இதற்குக் காரணம் நம் உடம்பின் அமைப்பு. மூச்சு முட்டுகிறது என்ற தவிப்பை முக்கியமாகக் கிளப்புவது உடம்பைவிட்டு வெளியேறாமல் தேங்கும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றைச் சுவாசிக்கும்போது மார்பு வழக்கம்போல் ஏறி இறங்குகிறது, கரியமில வாயுவும் வழக்கம்போல் வெளியே போகிறது. ஆகவே தவிப்பே எழுவதில்லை. 'மூச்சுத்திணறி' என்று படித்துப் படித்து, அப்படி ஏதாவது ஆனால் நமக்குத் தெரியாமலா போகும் என்ற தைரியம் நமக்கு வந்துவிட்டது. இந்த வாயு கொல்வது அந்தத் தைரியத்தின் மறைவில்தான்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கரியமில வாயு என்று பள்ளியில் படித்தது கார்பன் டை ஆக்சைடு. மூச்சில் விடுவதும் சோடாவில் பொங்குவதும் அதுதான். கார்பன் மோனாக்சைடு வேறு. விறகோ கரியோ பெட்ரோலோ டீசலோ சமையல் எரிவாயுவோ போதிய காற்றில்லாமல் அரைகுறையாக எரியும்போது பிறப்பது. நிறமில்லை, மணமில்லை, கண்ணை எரிப்பதில்லை, தொண்டையைக் கமறுவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். பேருந்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இருக்கைகளில் எல்லாம் முன்கூட்டியே துண்டு போட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வண்டி ஓடுகிறது, ஏற வேண்டியவர் ஏற முடியவில்லை. வெளிக்காற்றுக்கு வந்த பிறகும் ஏறிய வாயுவில் பாதி இறங்குவதற்கே நாலைந்து மணி நேரம் ஆகும்; மருத்துவமனையில் முகமூடி வைத்துத் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மணி நேரமாகக் குறையும்.

ஆக்சிஜன் பற்றாக்குறையை முதலில் உணரும் உறுப்புகள் மூளையும் இதயமும். தலை கனக்கிறது, லேசாகச் சுற்றுகிறது, குமட்டுகிறது, அசதியாக இருக்கிறது. இவற்றில் எதுவும் ஆபத்தின் முகத்தோடு வருவதில்லை. பயணக் களைப்பு, சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, சளி பிடிக்கப்போகிறது என்று எளிய காரணம் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. கொஞ்ச நேரம் படுத்தால் சரியாகிவிடும் என்ற முடிவும் இயல்பாக வருகிறது. அந்த முடிவை எடுத்த மூளை ஏற்கெனவே பட்டினியில் இருக்கிறது என்பதை அதே மூளை கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வரும்போது எழப் பார்த்தால் கால் நிற்காது. ஆபத்தை அறிய வேண்டிய உறுப்பையே முதலில் மடக்கிவிடும் நஞ்சு இது. அதனால்தான் வீட்டுக்குள் நம் புத்திக்கு வெளியே ஒரு காவல் தேவைப்படுகிறது. கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் வேலை வாயுவைக் கண்டுபிடிப்பதோடு முடிவதில்லை. தெளிவாக இருந்தபோது நாம் எடுத்துவைத்த முடிவை, தெளிவு போன நேரத்தில் நமக்கே எடுத்துச் சொல்வது அதன் மீதி வேலை. அப்படி எந்த முடிவும் எடுத்துவைக்காத வீட்டில் அது சுவரில் மாட்டிய ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இந்த நஞ்சு எங்கிருந்து வருகிறது என்பதில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது தணலிடம். புகை அடங்கட்டும், கரி நன்றாகக் கனிந்த பிறகு உள்ளே கொண்டுபோகலாம் என்று கணப்புச் சட்டியையோ, இறைச்சி சுட்ட கரி அடுப்பையோ இரவு படுக்கையறைக்குள் எடுத்துப்போகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் புகை போய்விட்டது உண்மை. கண்ணுக்குத் தெரியாதது அப்போதுதான் தாராளமாக வருகிறது. கரிக்குவியலின் அடியில் உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, மேலே செக்கச்செவேலென்று கனலும் கரியினூடே ஏறும்போது இன்னொரு கார்பனோடு சேர்ந்து மோனாக்சைடாக மாறுகிறது. தணலின் மேல் மெல்லிய நீல நாக்குகள் ஆடுவதைப் பார்த்திருப்போம். அது வெளியேறும் கார்பன் மோனாக்சைடு மேலே காற்றைச் சந்தித்து எரிவதுதான். எரிந்தது போக எஞ்சியது அறைக்குள் தங்குகிறது. கேஸ் ஹீட்டரின் கதையும் இதுவே. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் அரைகுறையாகிறது, அரைகுறையாக எரிய எரிய நஞ்சு கூடுகிறது. 2020 ஜனவரியில் கேரளத்திலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போன குழுவில் எட்டுப் பேர், அவர்களில் நால்வர் குழந்தைகள், தாமன் என்ற மலையூர் விடுதியில் ஒரே அறைக்குள் இப்படித்தான் இறந்தார்கள். குளிருக்குக் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு கேஸ் ஹீட்டரை எரியவிட்டிருந்தார்கள். அவர்கள் செய்ததில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. குளிர்கிறவர் செய்வதைத்தான் செய்தார்கள். அந்த அறையில் இல்லாமல் போனது உள்ளங்கை அளவு கருவி ஒன்று.

இங்கே நம் வீடுகளில் எழும் முதல் மறுப்பு, 'கேஸ் கசிந்தால் வாடை வருமே' என்பது. சமையல் எரிவாயுவுக்கும் சொந்தமாகப் பெரிய வாடை கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே மெர்காப்டன் என்ற நாறும் பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த வாடைக்குப் பழகிய மூக்கு, கேஸ் என்றாலே நாறும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறது. ஆனால் கார்பன் மோனாக்சைடு சிலிண்டருக்குள் இருப்பதில்லை. அடுப்பில், கீசரில், ஹீட்டரில் எரியும்போது புதிதாக உண்டாவது. அதில் வாடை கலக்க யாரும் இல்லை. இதே குழப்பம் கடையிலும் தொடர்கிறது. சமையலறைக்கென்று விற்கும் கேஸ் லீக் டிடெக்டர் எரியாத வாயுவைக் கண்டுபிடிக்கும் கருவி. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். ஆகவே அந்தக் கருவியைச் சுவரில் தாழ்வாகப் பொருத்துகிறார்கள். கார்பன் மோனாக்சைடு காற்றைவிட ஒரு மயிரிழை இலேசானது. அறை முழுக்கக் காற்றோடு கலந்து நிற்கும். முதல் கருவி இரண்டாவது வேலையைச் செய்யாது. புகை அலாரமும் செய்யாது, ஏனென்றால் அது தேடுவது புகைத் துகள்களை. இரண்டையும் அறியும் கூட்டுக் கருவிகள் உண்டு. ஆனால் பெட்டியில் கார்பன் மோனாக்சைடு என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். வீட்டில் ஏதோ ஒரு டிடெக்டர் மினுக்கிக்கொண்டிருக்கிறது என்ற நிம்மதி, எது மினுக்குகிறது என்று பார்த்த பிறகே வர வேண்டும்.

அலாரம் எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்தால்தான் அதன் பேச்சுக்கும் மௌனத்துக்கும் பொருள் புரியும். பெரும்பாலான வீட்டுக் கருவிகளுக்குள் இருப்பது மின்வேதியியல் சென்சார். வாயு அதில் பட்டதும் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது, வாயு கூடினால் மின்னோட்டமும் கூடுகிறது. அளவைப் பிபிஎம் என்ற கணக்கில் சொல்கிறார்கள், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் எத்தனை பங்கு வாயு. ஆனால் அலாரம் வாயுவை முகர்ந்த நொடியில் அலறுவதில்லை. எவ்வளவு வாயு, எவ்வளவு நேரம் என்று இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது, ஏனென்றால் ரத்தத்தில் நஞ்சு ஏறுவதும் அப்படித்தான். அமெரிக்கத் தரமான யூஎல் 2034-இன்படி 70 பிபிஎம் இருந்தால் ஒரு மணியிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் அடிக்க வேண்டும். 150 என்றால் 10 முதல் 50 நிமிடத்துக்குள். 400 என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 50291 இன்னும் சற்றுக் கண்டிப்பானது: 50 பிபிஎம்முக்கு 60 முதல் 90 நிமிடம், 300 பிபிஎம் ஆனால் மூன்றே நிமிடம். 400 பிபிஎம் காற்றில் ஓரிரு மணி நேரத்தில் தலைவலி வரும், மூன்று மணி நேரத்துக்குப் பிறகு உயிருக்கே ஆபத்து என்பதோடு இதை ஒப்பிட்டால் கணக்கு விளங்கும். நல்ல உடல்நிலையில் இருப்பவர் நிலைதடுமாறுவதற்கு முன் எழுந்து வெளியே போகும் அவகாசத்தையே கருவி வாங்கித் தருகிறது. அந்த அவகாசத்தை எதற்குச் செலவிடுவது என்பது நம் பொறுப்பு.

கருவி உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்பதற்கு ஒரு நல்ல சாட்சியம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரம் இருக்கும் மெக்லன்பர்க் மாவட்டத்திலிருந்து கிடைத்தது. பெரும்பாலான வீடுகளில் இந்த அலாரம் இருக்க வேண்டும் என்று அங்கே 2000-இல் விதி கொண்டுவந்தார்கள். 2002 டிசம்பரில் பனிப்புயல் அடித்து, மாவட்டத்தில் முக்கால்வாசிக்கும் மேலான வீடுகள் இருண்டன. குளிர் தாங்காமல் மக்கள் கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள், ஜெனரேட்டரை ஓட்டினார்கள். அடுத்த சில நாட்களில் 124 பேர் இந்த நஞ்சுக்கு ஆளானது பதிவாயிற்று. அவர்களில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களில் 96 சதவீதம் பேர், வேலை செய்யும் அலாரம் இருந்ததாகத் தெரியாத வீடுகளில் இருந்தவர்கள். அலாரம் வாங்குகிறவர்கள் இயல்பிலேயே எச்சரிக்கையானவர்கள், அவர்கள் பிழைத்ததற்குக் கருவி எப்படிக் காரணம் ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே பல வீடுகளில் கருவி சுவருக்கு வந்தது விதியால். வீட்டுக்காரரின் குணத்தால் மட்டும் வந்ததல்ல. இன்னொரு பாடமும் அந்த நிகழ்வில் இருக்கிறது. எல்லாமே மின்சாரத்தில் இயங்கும், வாகனக் கொட்டகை ஒட்டியிராத வீடுகளுக்கு அந்த விதி விலக்கு அளித்திருந்தது. எரியும் பொருளே இல்லாத வீட்டில் நஞ்சு எங்கிருந்து வரும் என்ற கணக்கு. மின்சாரம் போன இரவில் எரியும் பொருள் வாசல் வழியாக உள்ளே வந்தது. அதன் பிறகு, எல்லா வீடுகளிலும் வேண்டும், மின்சாரம் போனாலும் பேட்டரியில் இயங்க வேண்டும் என்று விதியைத் திருத்தினார்கள்.

'இதெல்லாம் பனி பெய்யும் ஊர்க்காரர்களின் கவலை, நம் வீட்டில் எப்போதும் காற்றோட்டம் உண்டு' என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருப்பதால் கவனமாகப் பதில் சொல்ல வேண்டும். முற்றமும் திறந்த சன்னலும் உள்ள வீட்டில் நீலச் சுடரோடு எரியும் கேஸ் அடுப்பு பெரிய ஆபத்து இல்லை. ஆனால் நாம் அப்படிப்பட்ட வீடுகளைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். ஏசிக்காக இண்டு இடுக்கெல்லாம் அடைத்த படுக்கையறை, பால்கனியில் ஓடும் ஜெனரேட்டர், நாலடிக்கு ஆறடிக் குளியலறைக்குள் எரியும் கேஸ் கீசர், இவையும் இன்றைய வீடுகள்தாம். கேஸ் கீசர் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். சிறிய குளியலறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு குளித்தவர் மயங்கியோ வலிப்பு வந்தோ கிடப்பதும், அது காக்காய் வலிப்பென்று கருதப்பட்டு வேறு திசையில் சிகிச்சை போவதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஜெனரேட்டரோ அதைவிட மோசம். சிறிய ஜெனரேட்டர் ஒன்று நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்கு இந்த வாயுவைக் கக்கக்கூடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வை என்கிறது. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்ததற்கும் ஜெனரேட்டரிலிருந்து உள்ளே புகுந்த வாயுவே காரணம் என்று தெரியவந்தது. அங்கே பனி பெய்யவில்லை.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா போன்ற ஊர்களில் வாழ்பவர்களுக்கும் அங்கே அறை எடுத்துத் தங்குபவர்களுக்கும் வாதமே தேவையில்லை. அங்கே குளிரும் கரியும் அடைத்த அறையும் ஒன்றாகவே கிடைக்கின்றன. டொரன்டோவிலும் லண்டனிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இது அன்றாடம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஸ்கார்பரோவிலும் பிராம்டனிலும் நிலவறையை வாடகைக்கு எடுத்தவர் பல நேரம் உறங்குவது வீட்டின் வெப்ப உலைக்குப் பக்கத்துச் சுவரோரம். 2008 டிசம்பரில் அந்த மாகாணத்தின் வூட்ஸ்டாக் நகரில் எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டு, நால்வர் கொண்ட ஒரு குடும்பமே மாண்டது. அந்தக் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் 2013-இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து, எரிபொருள் கருவியோ ஒட்டிய வாகனக் கொட்டகையோ உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அலாரம் கட்டாயம் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் வேண்டும் என்று அதை விரித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், சமையல் அடுப்பைத் தவிர்த்து, நிலையாகப் பொருத்திய எரிபொருள் கருவி உள்ள அறையில் இதை வைத்துத்தருவது வீட்டு உரிமையாளரின் கடமை. வாடகைக்கு இருப்பவர் இதைக் கேட்டால் சலுகை கேட்பதாகக் கூச வேண்டியதில்லை. சட்டம் தரச் சொன்னதையே கேட்கிறார்.

வாங்கி மாட்டியவர்களும் கழற்றி வைக்கும் காரணம் ஒன்று உண்டு: சும்மா சும்மா அடிக்கிறது. இந்தக் குறையை அலட்சியமாகத் தள்ளக் கூடாது, ஏனென்றால் இரண்டு முறை வீணாக எழுப்பிய கருவியின் பேட்டரியை மூன்றாம் முறை பிடுங்கிவிடுவார்கள். நம் வீடுகளுக்கே உரிய காரணம் ஒன்று இன்வெர்ட்டர். அதன் ஈய அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது சிறிது ஹைட்ரஜன் வெளியாகிறது. கார்பன் மோனாக்சைடு சென்சார்கள் பல ஹைட்ரஜனையும் அதே வாயுவாக எண்ணிக்கொள்கின்றன. ஆகவே இன்வெர்ட்டர் இருக்கும் மூலையில் அலாரத்தை வைக்கக் கூடாது. இன்வெர்ட்டரால்தான் அடித்தது என்று பிறகு தெரியவந்தால் பேட்டரியையும் காற்றோட்டத்தையும் பார்க்க வேண்டும், ஹைட்ரஜனும் தீப்பிடிக்கும் வாயுதான். சாம்பிராணி போடும்போது அடித்தால் அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. கரித்தணலில் சாம்பிராணி தூவும் வழக்கத்தில் கரி உண்மையாகவே இந்த வாயுவை விடுகிறது; குளித்த குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடிய அறையில் போட வேண்டுமா என்று கேட்கிறது அந்த மணி. இன்னொரு வகைச் சத்தத்தையும் பிரித்தறிய வேண்டும். அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை 'கீச்' என்று குருவிபோலக் கத்தினால் பேட்டரி தீர்கிறது அல்லது கருவிக்கு வயதாகிவிட்டது என்று பொருள். வட அமெரிக்கக் கருவிகளில் நான்கு முறை அடித்து, நிறுத்தி, மீண்டும் நான்கு முறை அடித்தால் அது வாயு. மூன்று மூன்றாக அடிப்பது புகை. மற்ற ஊர்க் கருவிகளில் எது எது என்பது கையேட்டில் இருக்கும். நள்ளிரவில் கையேட்டைத் தேட முடியாது.

பொய்யாக அடிப்பதைவிடப் பெரிய ஆபத்து, அடிக்காததைப் பத்திரம் என்று எடுத்துக்கொள்வது. மேலே சொன்ன அமெரிக்கத் தரத்தின்படி 30 பிபிஎம் என்ற குறைந்த அளவில் கருவி முப்பது நாளானாலும் அடிக்கக் கூடாது; தேவையின்றி அலறி நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் கருவுற்ற பெண்ணுக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் இதய நோயாளிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் நீண்ட நாள் குறைந்த அளவும் தீங்கு செய்யலாம். அவர்களைக் காப்பது புகைபோக்கியைச் சுத்தம் செய்வதும், மஞ்சளாக எரியும் அடுப்பைப் பழுது பார்ப்பதும், கீசரைக் குளியலறைக்கு வெளியே வைப்பதும்தான். கருவிக்கும் ஆயுள் உண்டு. சென்சார் காலப்போக்கில் மங்கும். தயாரிப்பைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து ஆண்டு. மாற்ற வேண்டிய தேதி கருவியின் முதுகில் அச்சிட்டிருக்கும், சுவரில் மாட்டியபின் யாரும் அதைப் பார்ப்பதில்லை. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் சத்தம் வருகிறதே என்பார்கள். பெரும்பாலான கருவிகளில் அந்தப் பொத்தான் பேட்டரியையும் ஒலிப்பானையும் மின்சுற்றையும் சோதிக்கிறது. சென்சார் வாயுவை உணர்கிறதா என்று அது சொல்வதில்லை. மாதம் ஒருமுறை அழுத்துவது அவசியம், தேதி கடந்த கருவிக்கு அது நற்சான்று ஆகாது என்பதும் அதே அளவு உண்மை. சான்றில்லாத மலிவுக் கருவிகள் சில, பிரிட்டனில் நுகர்வோர் அமைப்புகள் செய்த சோதனைகளில், வாயு இருந்தும் வாய் திறக்கவில்லை. யூஎல் 2034, ஈஎன் 50291 போன்ற தரமுத்திரை இல்லாத கருவியை வாங்குவது பொய்யான நிம்மதியைக் காசு கொடுத்து வாங்குவது.

எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரே அளவுகோல் போதும்: தூங்குகிறவரின் காதில் விழ வேண்டும். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படுக்கையறைகளுக்கு வெளியே, கதவு சாத்தியிருந்தாலும் கேட்கிற இடம். முடிந்தால் ஒவ்வொரு தளத்திலும் ஒன்று. ஹீட்டரோ கணப்போ இருக்கும் அறையில் வைத்தால் அதிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி. அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம். சன்னலோரம், மின்விசிறிக்கு எதிரே, திரைச்சீலைக்குப் பின்னால், அலமாரிக்குள், நீராவி நிறையும் குளியலறைக்குள் வேண்டாம். உயரத்தைக் கருவியோடு வரும் கையேடு சொல்லும். இந்த வாயு காற்றோடு கலந்து நிற்பதால் சில அங்குல வேறுபாடு பெரிய விஷயமல்ல, காது கேட்கும் தூரம் பெரிய விஷயம். ஜிப்சம் பலகைச் சுவர் ஊடாகவும் இந்த வாயு கசிந்து வரும் என்று அமெரிக்க ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அப்படிச் சுவர் வைத்த அடுக்ககங்களில், எரிபொருள் கருவி எதுவும் நம் வீட்டில் இல்லை என்பது முழு விடையாகாது; பக்கத்து வீட்டில் என்ன எரிகிறது என்பதும் நம் கணக்கில் சேரும்.

மணி அடித்துவிட்டால் செய்ய வேண்டியது ஒரே ஒரு காரியம்: எல்லோரும் வெளியே. எங்கிருந்து வருகிறது என்று தேடப் போவது, உண்மைதானா என்று முகர்ந்து பார்ப்பது, பொத்தானை அழுத்தி அதன் வாயை மூடுவது, ஒருமுறை கண்ணயர்ந்துவிட்டுப் பார்க்கலாம் என்பது, எல்லாமே அந்தச் சில நிமிட அவகாசத்தைத் தின்றுவிடும். போகிற வழியில் அடுப்பை அணைக்க முடிந்தால் அணைக்கலாம், கதவைத் திறந்துவிட்டுப் போகலாம். அதற்காகத் திரும்ப உள்ளே போகக் கூடாது. வெளியே வந்து தலை எண்ண வேண்டும். தமிழ்நாட்டில் 108-ஐயோ 112-ஐயோ, கனடாவில் 911-ஐயோ அழைத்து, கார்பன் மோனாக்சைடு என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் முக்கியம். கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருக்கிறது. இந்த நஞ்சு ஏறிய ரத்தத்தை ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்திலிருந்து அந்தக் கருவியால் பிரித்தறிய முடியாது. சாகக் கிடப்பவருக்கும் 98, 99 என்று காட்டக்கூடும். எண்ணைப் பார்த்து நிம்மதியாகி வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, வெளியே வந்தால் குறைகிறது என்பதே மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தடயம்; ரத்தத்தில் இந்த வாயுவை அளக்கத் தனிப் பரிசோதனை உண்டு. தேறிவிட்டதாகத் தோன்றியவருக்குச் சில நாட்கள், சில வாரங்கள் கழித்து மறதியும் நடைத் தடுமாற்றமும் தலைகாட்டலாம். ஆகவே மருத்துவரைப் பார்க்காமல் விடக் கூடாது.

கருவி வந்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள், கரியை உள்ளே வைத்துவிட்டு அலாரம் இருக்கிறதே என்பார்கள் என்று சொல்வோரும் உண்டு. அப்படி ஒருவர் செய்தால் அவர் கருவியின் வேலையைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டியது அதன் மேல் ஏறி நடப்பதற்காக அல்ல. வேறொரு கேள்வி இன்னும் கனமானது: விறகடுப்புப் புகையில் ஆயுள் முழுக்கச் சமைக்கும் பெண்களுக்கு இந்தப் பேச்சால் என்ன பயன்? அவர்களுக்கு அலாரம் விடையல்ல. அந்தச் சமையலறையில் அது ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும், அடுப்பை அணைக்கவும் வழியில்லை. அவர்களுக்கு வேண்டியது புகைபோக்கியும் சன்னலும், நிரப்பிக்கொள்ளக் கட்டுப்படியாகும் சிலிண்டரும். அலாரம் பயன்படுவது, மணி அடித்தால் நிறுத்தவும் வெளியேறவும் முடிகிற இடத்தில். அந்த வசதி இருந்தும் அதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு, நமக்குத் தெரியாமலா போகும் என்ற பழைய தைரியத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆகவே கருவியை வாங்கி மாட்டும் சாயங்காலமே மீதி வேலையையும் முடித்துவிடலாம். முதுகிலிருக்கும் தேதியைப் பெரிய எழுத்தில் முன்பக்கம் ஒட்டலாம். பாட்டி முதல் பள்ளிப் பிள்ளை வரை எல்லோரையும் கூப்பிட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்திச் சத்தத்தைக் கேட்கவைக்கலாம். கைக்குழந்தையைத் தூக்குவது யார், பாட்டியின் கையைப் பிடிப்பது யார், வாசலில் எந்த இடத்தில் நிற்பது, போன் யார் கையில் என்று பேசி, ஒருமுறை நடந்தும் பார்க்கலாம். அன்றைக்கு அது விளையாட்டாகத் தெரியும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நிஜமாக அடிக்கும் இரவில் தலை கனக்கும், கால் தள்ளாடும், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்று மனசு சொல்லும். அந்த நேரத்தில் மனசின் பேச்சைக் கேட்கக் கூடாது. அந்தச் சாயங்காலம் வாசல்வரை நடந்து பார்த்த கால்களை அதே வழியில் விட்டுவிட வேண்டும்.